கணினியும் புணர்ச்சி இலக்கணமும்

நிலைமொழியோடு வருமொழி புணருங்கால் எய்தும் விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூல் மூன்றாக வகுக்கும். 1991-இல் வெளிவந்த பைத்தான் என்னும் நிரல்மொழியிலும் ஒருவகைப் புணர்ச்சி உண்டு. எழுத்துத் தொடரை ஆங்குச் 'சரம்' என்பர். சரங்களைக் கூட்டல் குறி இணைக்கும். ஆயின் அஃது அறிந்தது இயல்பு புணர்ச்சி ஒன்றே.

'முகமது', 'காசிம்' என்பவற்றைக் கூட்டின் 'முகமதுகாசிம்' என ஒட்டிவிடும். இடைவெளியையும் நாமே சேர்த்தல் வேண்டும். '5', '7' என்னும் சரங்களைக் கூட்டின் 12 வாராது. 57 என வரும். சரத்தோடு எண்ணைக் கூட்டினாலோ பிழையென நிரல் நின்றுவிடும். எண்ணை முன்னரே சரமாக்கல் வேண்டும்.

இவற்றினும் நுண்ணியது வேற்றுமை. பரிசளிப்பு விழா அழைப்பிதழுக்கென ஒவ்வொரு பெயரோடும், உகரச் சாரியையும் குவ்வுருபும் சேர்ந்த 'உக்கு' என்பதைக் கூட்டச் செய்தால், 'பாத்திமாஉக்கு', 'காதர்உக்கு' என்றே அச்சாகும். முன்னதில் வகர உடம்படுமெய் தோன்றிப் 'பாத்திமாவுக்கு' என்றாதல் வேண்டும். பின்னதில் புள்ளியை நீக்கி, உகரத்தை உயிர்க்குறியாக்கி ஏற்றினாலன்றிக் 'காதருக்கு' அமையாது. இவ்விதிகளை நிரல் எழுதுவோரே வகுத்துத் தருதல் வேண்டும்.

ஒருவர் பெயரைப் பிழையற எழுதுதல் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. ஆதலின், கணினி பயிலும் மாணவர் புணரியலைப் பழஞ்சுமையெனத் தள்ளற்க.