பாதிக்கப்பட்ட பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

சமூக நீதிப் பாடம் என்றதும் ஆசிரியர்களுக்கு முதலில் தோன்றுவது, பாதிக்கப்பட்ட பிள்ளையையே எழுப்பிப் பேசச் சொல்வதுதான். அதைவிடப் பெரிய தவறு இந்தப் பாடத்தில் இல்லை என்பது வகுப்பறையில் நான் கற்றது. திருப்பூரில் இன்று உள்ளூர்ப் பிள்ளையும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். 'வடக்கன்' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்து வந்த பிள்ளையிடமே கேட்டால், மொத்த வகுப்பும் அவனைத் திரும்பிப் பார்க்கும். பாடம் அதோடு முடிந்தது.

பட்டால்தானே புரியும் என்பார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் பிரித்து, ஒரு சாராரை உயர்த்தி மறுசாராரைத் தாழ்த்தி நடத்தினார். பலரும் எடுத்துக்காட்டும் பயிற்சி அது. ஆனால் அந்த வகுப்பில் இருந்த அனைவரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். அவமானம் அவர்களுக்குப் புதிது. தினமும் அதையே படுகிற பிள்ளைக்கு ஒத்திகை எதற்கு? அனுபவம்தான் வேண்டும் என்றால் அம்பேத்கர் எழுதி வைத்திருக்கிறார்: பள்ளியில் உட்காரச் சாக்குத் துணியை வீட்டிலிருந்தே கொண்டுபோனது, பியூன் வந்து ஊற்றினால் மட்டுமே தண்ணீர் கிடைத்தது. அதை வாசித்துவிட்டு, 'யாருடைய விதி இது, யார் மாற்றியிருக்க முடியும்?' என்று கேளுங்கள். கேள்வி விதியை நோக்கிப் போகும், எந்தப் பிள்ளையின் முகத்தையும் நோக்கிப் போகாது.

ஒன்றுமறியாத பிள்ளைகளிடம் சாதியைப் பேசி விதைக்கலாமா என்பது அடுத்த ஆட்சேபம். பெற்றோர் கூட்டங்களில் தவறாமல் வருவது. ஆனால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய வழக்கில் பிடிபட்டவர்கள் பள்ளி மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும் மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. நிறம் பார்த்துக் கயிறு கட்டிவரும் பிள்ளைக்கு நாம் புதிதாக எதை விதைக்கப் போகிறோம்?

ஆசிரியர் நடுநிலை வகிக்க வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். இட ஒதுக்கீட்டின் அளவைப் பற்றித் தாராளமாக வாதிடட்டும். 1951இல் இட ஒதுக்கீட்டு ஆணையை ரத்து செய்த செண்பகம் துரைராஜன் வழக்கின் தீர்ப்பையும் அதையொட்டி வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தத்தையும் எதிரெதிரே வைத்து இரு அணியாகப் பேச வைக்கலாம். தீண்டாமை அப்படியல்ல. அதை அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்துவிட்டது. அதில் இரு தரப்பு கிடையாது.

இடம் மாற்றி உட்கார வைத்தால் மனம் மாறுமா என்றால், அது மட்டும் போதாதுதான். ஆனாலும் யார் யார் பக்கத்தில், யார் கையில் துடைப்பம், யார் பெயர் எந்தப் பட்டியலில் என்பதைப் பிள்ளைகள் புத்தகத்துக்கு முன்பே படித்துவிடுகிறார்கள். ஆகவே நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று: கல்வி உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்காதீர்கள், தனித்தனியே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.