மனம் ஆற ஒரு கைவேலை



பங்குனி, சித்திரை மாதங்கள் வந்துவிட்டால் எம்மைப் போன்ற கணக்காளர்களுக்கு இரவு பகல் என்ற பேதம் இல்லாமற் போய்விடும். வருமானவரிப் பணத்தை ஏப்ரில் 30ஆம் திகதிக்குள் கட்டியாக வேண்டும் என்ற நினைப்பு, கட்ட வேண்டியவரை விட, கணக்குப் பார்ப்பவரையே அதிகம் வருத்துகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அப்படியான ஓர் இரவில், மூன்று மணியளவில், நெஞ்சை யாரோ அழுத்திப் பிடிப்பது போன்ற உணர்வுடன் நாம் விழித்துக்கொண்டோம். மறுநாள் குடும்ப வைத்தியரிடம் சென்றோம். பரிசோதனைகள் யாவும் நடந்தன. இருதயத்தில் குறை எதுவும் இல்லை என்றார். பின்னர் ஒரு கேள்வி கேட்டார்: "வேலையைத் தவிர வேறு என்ன செய்கிறீர்கள்?"

எமக்குப் பதில் வரவில்லை. வீட்டிற்கு வந்து, பழக்க தோஷத்தினால், அதையும் ஒரு கணக்காக எழுதிப் பார்த்தோம். வாரத்திற்கு 168 மணித்தியாலங்கள். அலுவலகம் 45. மாலையில் பார்க்கும் தனிப்பட்ட கணக்கு வேலை 15. பிரயாணம் 10. நித்திரை 40. சமையல், கடை, பிள்ளைகள் என 28. ஆக 138. மிகுதி 30 மணித்தியாலங்கள் எங்கே போயின? தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் முன்னால், ஊர்ச் செய்திகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தபடி கழிந்திருக்கின்றன. இளைப்பாறுகிறோம் என்று நாம் எண்ணியிருந்த நேரம் அது. ஆனால் எழுந்து படுக்கைக்குப் போகும்போது இருந்ததை விடக் களைப்புத்தான் மிஞ்சியது.

இக்கட்டுரையில், ஏதாவது ஒன்றைக் கையால் ஆக்கும் பொழுதுபோக்கு எமது மன உளைச்சலை எவ்வாறு குறைக்கக்கூடும் என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

மன அழுத்தம் என்றால் என்ன?

இன்று சிறு பிள்ளைகளும் 'ஸ்ட்ரெஸ்' என்று சொல்கிறார்கள். இச்சொல்லை மருத்துவ உலகில் நிலைநாட்டியவர் எமது கனடாவிலேயே பணியாற்றியவர் என்பது பலருக்குத் தெரியாது. வியன்னாவில் 1907இல் பிறந்த ஹான்ஸ் செல்யே, மொன்றியலிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் எலிகளைக் கொண்டு ஆய்வுகள் செய்தார். குளிர், காயம், நஞ்சு என எந்த வகையான துன்பத்தைக் கொடுத்தாலும் எலிகளின் உடலில் ஒரே விதமான மாற்றங்கள் ஏற்படுவதை அவர் கண்டார். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி பருத்தது, தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் உண்டானது. 1936இல் 'நேச்சர்' சஞ்சிகையில் இதனைச் சுருக்கமாக எழுதினார். உடல் முதலில் திடுக்கிடும், பின்னர் தாக்குப்பிடிக்கும், துன்பம் நீண்டால் ஈற்றில் சோர்ந்துவிடும் என்பது அவரது விளக்கம்.

அகதியாக வந்தவர்களுக்கு இந்த மூன்று நிலைகளையும் விளக்க வேண்டியதில்லை. எமது விண்ணப்பம் விசாரணைக்கு வரும் வரை காத்திருந்த காலத்தில் தபாற்பெட்டியைத் திறக்கவே கை நடுங்கியது. அனுமதி கிடைத்து, ஆண்டுகள் பல கழிந்த பின்னரும், மண்ணிற உறையில் கடிதம் வந்தால் அதே நடுக்கம். ஆபத்து நீங்கிவிட்டது. உடலுக்கு மட்டும் அச்செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

யாழ். பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போர் எம்மக்களின் மனங்களில் ஏற்படுத்திய காயங்களைப் பற்றி 1998இல் நூலொன்று எழுதியவர். எம்மவர் உள்ளத்துத் துயரைப் பெரும்பாலும் உடல் நோவாகவே வெளியிடுவர் என்பது அவரது எழுத்துக்களில் காணப்படும் ஒரு கருத்து. தலையிடி, நாரிப்பிடிப்பு, நெஞ்சுநோ என்று சொல்வோமே தவிர, 'மனம் சரியில்லை' என்று சொல்ல எமக்கு வாய் வராது.

கைவேலை எவ்வாறு உதவுகின்றது?

மனத்தை வெறுமையாக வைத்திருக்க எம்மால் இயலாது. சும்மா இருக்கச் சொன்னால் அது பழைய கவலையையே எடுத்து மென்றுகொண்டிருக்கும். கைக்கும் கண்ணுக்கும் ஒரு வேலையைக் கொடுத்தால் மனமும் அவற்றின் பின்னே போகின்றது. கோலத்தின் புள்ளியை எண்ணும்போது கடன் தவணையை எண்ண முடியாது.

இதனை அனுபவத்தில் கண்டவர்களுள் வின்ஸ்டன் சேர்ச்சிலும் ஒருவர். 1915இல், டார்டனெல்ஸ் படையெடுப்புத் தோல்வியை அடுத்துக் கடற்படை அமைச்சர் பதவியை இழந்தபோது அவருக்கு வயது நாற்பது. அந்தக் கோடைகாலத்தில்தான் முதன்முதலாகத் தூரிகையைக் கையில் எடுத்தார். அதன் பின் வாழ்நாளில் ஐந்நூறு வரையான ஓவியங்களை வரைந்தார். அப்பொழுதுபோக்கைப் பற்றி அவர் எழுதியது 1948இல் தனி நூலாகவும் வந்தது. அவருடைய அரசியலுடன் உடன்படாதவர்களும் இந்த ஒரு பாடத்தை அவரிடம் கற்கலாம்.

விஞ்ஞான முறையிலும் இதனை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் அவரது சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் பங்குபற்றினர். களிமண், வர்ணப் பேனைகள், ஒட்டுச் சித்திரத்துக்கான தாள்கள் ஆகியவற்றைக் கொடுத்து, 45 நிமிடங்கள் விரும்பியதைச் செய்யவிட்டனர். முன்னரும் பின்னரும் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்னும் அழுத்தச் சுரப்பை அளந்தனர். நால்வரில் ஏறத்தாழ மூவருக்கு அது குறைந்திருந்தது. முன்னனுபவம் இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. இது ஒரு சிறிய ஆய்வு, நால்வரில் ஒருவருக்குக் குறையவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. எனினும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, கலைகள் உடல்நலத்துக்கும் உளநலத்துக்கும் உதவுகின்றன என்ற முடிவுக்கே வந்தது.

மட்டக்களப்பில் ஒரு பூங்கா

ரொறன்ரோவுக்கும் எமது மண்ணுக்கும் இவ்விடயத்தில் ஓர் உறவு உண்டு. 1980களில் இந்நகரில், உடற்குறைபாடுள்ள சிறுவர்களுக்கான மருத்துவ நிலையமொன்றின் வளவில், போல் ஹோகன் என்ற ஓவியர் 'ஸ்பைரல் கார்டன்' என்னும் தோட்டத்தை உருவாக்கினார். பிள்ளைகள் அங்கு மண்ணிற் பயிரிட்டனர், களிமண் பிசைந்தனர், கதை சொல்லினர், பாடினர். அந்த அனுபவத்துடன் இலங்கை சென்ற அவர், இயேசு சபைத் துறவியான அருட்தந்தை போல் சற்குணநாயகம் அவர்களுடன் இணைந்து 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை ஆரம்பித்தார்.

போரில் உறவுகளை இழந்த, பார்க்கக்கூடாதவற்றைப் பார்த்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கு ஒன்றாக வந்தனர். "உனக்கு என்ன நடந்தது, சொல்" என்று அவர்களை யாரும் நெருக்கவில்லை. களிமண்ணும் வர்ணமும் மரமும் பிராணிகளும் அவர்களுக்காகக் காத்திருந்தன. சொல்ல முடியாததைப் பிள்ளைகள் கையால் சொன்னார்கள்.

அப்பிள்ளைகளின் வயதில் இருந்த எம்மில் எத்தனையோ பேருக்கு அப்படியொரு பூங்கா கிடைக்கவில்லை. நாற்பது வயதிலாவது அதன் ஒரு மூலையை எமது வரவேற்பறையில் உண்டாக்கிக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அம்மாவின் பெட்டி

வைத்தியரின் கேள்விக்கு எமக்குப் பதில் தந்தவர் எமது தாயார். ஊரில் பனையோலையில் பெட்டியும் பாயும் இழைத்த கைகள் அவருடையவை. இங்கே வோபர்னில், மார்க்கம் வீதியோரத் தொடர்மாடியில், பனையோலைக்கு எங்கே போவது? சாமான் பெட்டிகளைச் சுற்றிக் கட்டி வரும் பிளாஸ்ரிக் நாடாக்களை நண்பர் ஒருவர் தான் வேலை செய்யும் களஞ்சியத்தில் இருந்து கொண்டுவந்து கொடுப்பார். அம்மா அவற்றில் பெட்டி இழைப்பார். ஒருநாள் நாமும் அருகில் அமர்ந்தோம்.

நாடாக்களை நெடுக்கும் குறுக்குமாக, ஒன்று மேல் ஒன்று கீழாகக் கோத்து அடியைப் போட வேண்டும். பின்னர் நான்கு மூலைகளையும் திருப்பி மேலே எழுப்ப வேண்டும். மூலையில் எமக்கு ஒவ்வொரு முறையும் பிழைத்தது. கோபத்தில் இறுக்கி இழுத்தோம்.

"இழுத்துப் பிடியாதை தம்பி. அது தன்ரை பாட்டிலை வரும்," என்றார் அம்மா.

பிழைத்த இடம் வரை அவிழ்த்து மீண்டும் இழைத்தோம். அலுவலகத்தில் ஒரு பிழை விட்டால் அபராதம் வரும், வாடிக்கையாளர் போவார். பெட்டியில் பிழை விட்டால் அவிழ்க்கலாம், அவ்வளவுதான். நெடுங்காலத்துக்குப் பின் தண்டனையில்லாத ஒரு பிழையை விட்டோம். அன்றிரவு நித்திரை நன்றாக வந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. இரண்டு மூன்று மாதங்கள் சென்ற பின்னரே, மூன்று மணி விழிப்புக் குறைந்திருப்பதைக் கவனித்தோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எமது கணக்கைக் கண்ட மனைவி, "என்ரை கணக்கையும் ஒருக்கால் எழுதுங்கோ," என்றார். எழுதினோம். எமக்கு மிகுதி 30 மணித்தியாலம். அவருக்கு 9. அவர் வட இலங்கைச் சங்கீத சபையின் நான்காந்தரப் பரீட்சை வரை வயலின் கற்றவர் என்பது எமக்கு நன்கு தெரிந்த விடயம். இந்நாட்டுக்கு வந்த பின் அவர் வில்லைத் தொட்டதே இல்லை என்பதை நாம் கவனித்திருக்கவில்லை. இப்போது சனிக்கிழமைச் சமையல் எம்முடையது. கறியில் உப்புக் கூடினாலும் வயலின் சத்தம் கேட்கின்றது.

தொடங்குவது எப்படி?

1. முதலில் உங்கள் 168 மணித்தியாலங்களை எழுதுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் தலையில் விழக்கூடாது.

2. கை அறிந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பூ மாலை கட்டுதல், தோரணம் பின்னுதல், தையல், மிருதங்கம், பல்கனியில் மிளகாய்க் கன்று, எதுவாகவும் இருக்கலாம். கணக்கில் நாட்டமுள்ளவர்கள் கம்பிக் கோலத்தை முயன்று பாருங்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும் சகாக்களும் 1970களில் கோலங்களின் இலக்கணத்தைக் கணினிக்கேற்ற முறையில் ஆராய்ந்தனர் என்றால், அதிலுள்ள கணிதத்தை எண்ணிப் பாருங்கள்.

3. பணம் செலவழித்துத் தொடங்காதீர்கள். பழைய கொப்பியும் பென்சிலும் போதும். மார்க்கம் வீதியிலுள்ள சீடார்பிறே நூலகத்தில் கைப்பணி நூல்களை இலவசமாக இரவல் பெறலாம்.

4. வாரத்தில் இரு நாட்கள், ஒவ்வொரு நாளும் 45 நிமிடம். அந்நேரம் தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

5. விற்க நினைக்காதீர்கள். எமது பெட்டியைக் கண்ட ஒருவர் விலை கேட்டார். அம்மாவுக்கு மகிழ்ச்சி. எமக்கோ உடனே தலைக்குள் இலாப நட்டக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. ஆகையால் அவருக்கு அதை அன்பளிப்பாகவே கொடுத்தோம்.

6. பிள்ளைகளை அருகில் இருக்க விடுங்கள். கற்பிக்க வேண்டாம், திருத்த வேண்டாம். நாம் பிழைவிட்டு அவிழ்ப்பதை அவர்கள் காண்பதே நல்ல பாடம்.

ஓர் எச்சரிக்கை

கைவேலை மருந்துக்குப் பதிலாகாது. வாடகையையும் அது கட்டாது, பிரிந்த உறவையும் திருப்பித் தராது. நெஞ்சுநோ வந்தால் எம்மைப் போல் விடியும்வரை காத்திராது உடனே உதவி நாடுங்கள். வாரக்கணக்காக நித்திரையின்மை, எதிலும் பற்றின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் போன்றவை இருந்தால் வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். 2023 நவம்பர் முதல் கனடா முழுவதும் 988 என்ற இலக்கத்தில், தற்கொலை எண்ணத்தால் வருந்துவோருக்கான உதவி இரவு பகலாகக் கிடைக்கின்றது. அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். சேவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடப்பதால், மொழி தெரியாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் துணை நில்லுங்கள்.

நிறைவாக, மாத முடிவில் ஒவ்வொரு கணக்கையும் நாம் சரிபார்க்கிறோம். வரவு என்ன, செலவு என்ன, மிகுதி என்ன என்று பார்க்கிறோம். எமது சொந்த நாட்களுக்கும் அவ்வாறு ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை. எமது மேசையில் இப்போது ஒரு சிறு பெட்டி இருக்கின்றது. ஒரு மூலை சற்றுக் கோணல். பற்றுச்சீட்டுகளை அதற்குள்தான் போட்டு வைக்கிறோம். அடுத்த சித்திரை வரும்போது அது நிறைந்துவிடும். அதற்கிடையில் இன்னொன்று இழைத்து முடிக்க வேண்டும்.