ஐந்து வாட்டை ஐம்பதாக்கும் முன்: 144 மெகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபயரும் அதுக்கான பவர் சப்ளையும்

ஏ.எஸ்.ஓ.சி தேர்வு எழுதி, மாசக்கணக்கில் காத்திருந்து, லைசென்ஸ் வந்தாச்சு. வி.யு.3-ன்னு தொடங்குற கால்சைனும் கிடைச்சாச்சு. கையில 5 வாட் ஹேண்டி. ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்னு கூப்பிடுறீங்க. ஊரோட அந்தப் பக்கம் இருக்கிற சீனியருக்கு அரைகுறையா, இரைச்சலோட கேக்குது. உடனே வர்ற யோசனை: "ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கிடலாமா?"

வாங்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி இந்தக் கட்டுரையைப் படிச்சிடுங்க. பணம் வீணாகறது ஒரு பக்கம் இருக்கட்டும். தப்பான பவர் சப்ளை ஒண்ணு ரிக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்து எரிச்சிடும். சுத்தமில்லாத ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு பக்கத்துல இருக்கிற விமானப் போக்குவரத்து அலைவரிசைக்குள்ள (118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை) குப்பையைக் கொட்டும். ரெண்டாவது நடந்தா லைசென்ஸுக்கே ஆபத்து.

முதல்ல ஒரு கணக்கு

சர்வதேச விண்வெளி நிலையம் நம்ம தலைக்கு மேல சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. அதுல இருக்கிற ஏ.பி.ஆர்.எஸ் டிஜிபீட்டர் 145.825 மெகாஹெர்ட்ஸ். நேர் மேல வரும்போது ஃப்ரீ ஸ்பேஸ் பாத் லாஸ் எவ்வளவுன்னு அந்த ஃபார்முலாவுல போட்டுப் பாருங்க: 32.44 + 52.04 + 43.27, கிட்டத்தட்ட 128 டெசிபல். 5 வாட்னா 37 டி.பி.எம். ரெண்டு பக்கமும் ஆன்டெனா கெயின் சுழின்னு வெச்சாலும் அங்க போய்ச் சேர்றது −91 டி.பி.எம். வி.எச்.எஃப்-ல எஸ்9 சிக்னல்னா −93 டி.பி.எம். அதாவது 400 கிலோமீட்டருக்கு அப்பால உங்க 5 வாட் எஸ்9-க்கும் மேல. ஒரு சாதாரண எஃப்.எம் ரிசீவருக்கு 0.2 மைக்ரோவோல்ட் போதும், அது −121 டி.பி.எம். இன்னும் 30 டெசிபல் கையிருப்பு இருக்கு.

அப்போ 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சீனியருக்கு ஏன் கேக்கல? நடுவுல கட்டிடம் இருக்கு, மரம் இருக்கு, பூமியோட வளைவும் இருக்கு. பிரச்சினை வாட்ல இல்ல, வழியில இருக்கு.

வயர்லெஸ் பேப்பர்ல படிச்ச டூ-ரே மாடலை ஞாபகப்படுத்திக்கோங்க. தரைமட்டத்துல போற சிக்னலுக்கு, கிடைக்கிற பவர் தூரத்தோட நாலாவது அடுக்குக்குத் தலைகீழ் விகிதம். ஆன்டெனா உயரத்தோட வர்க்கத்துக்கு நேர் விகிதம். இதுல ரெண்டு விஷயம் தெரியுது. 5 வாட்டை 50 ஆக்கினா தூரம் பத்து மடங்கு ஆகாது, 1.8 மடங்குதான் ஆகும். ஆன்டெனா உயரத்தை இரட்டிப்பாக்கினா 6 டெசிபல் சும்மா கிடைக்கும், அது பவரை நாலு மடங்காக்கினதுக்குச் சமம். ரேடியோ தொடுவானத்துக்கும் எளிய கணக்கு உண்டு: உயரத்தோட (மீட்டர்ல) வர்க்கமூலத்தை 4.12-ஆல பெருக்கினா கிலோமீட்டர்ல வரும். 15 மீட்டர் மொட்டைமாடிக்கு 16 கிலோமீட்டர். அதே மாடியில 10 மீட்டர் கம்பம் நட்டா 20.6.

அடுத்தது கேபிள். இதைத்தான் நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல. 144 மெகாஹெர்ட்ஸ்ல ஆர்.ஜி-58 கேபிள் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் தின்னும். மாடியிலிருந்து ரூமுக்கு 20 மீட்டர் இழுத்தா 4 டெசிபல் காலி. 50 வாட் ஆம்ப்ளிஃபயர் போட்டாலும் ஆன்டெனாவுக்குப் போறது 20 வாட், மீதி 30 வாட் கேபிளைச் சூடாக்குது. ஆர்.ஜி-213 போட்டா இழப்பு 2 டெசிபலுக்குள்ள. எல்.எம்.ஆர்-400 மாதிரி கேபிள்னா 1 டெசிபல்தான். இன்னொண்ணு, கேபிள் மிச்சப்படுத்துற டெசிபல் கேக்கும்போதும் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயர் பேசும்போது மட்டும்தான் உதவும். எல்லாருக்கும் இவர் குரல் கேக்கும், இவருக்கு யார் குரலும் கேக்காது: அப்படிப்பட்ட ஸ்டேஷனை ஹாம்கள் அலிகேட்டர்னு கிண்டல் பண்ணுவாங்க.

உயரம், ஆன்டெனா, கேபிள் மூணையும் சரி பண்ணின பிறகும் சிக்னல் இரைச்சலோட விளிம்பிலேயே நிக்குதா? அப்போ 10 டெசிபல் நிஜமாவே பெரிய விஷயம். எஃப்.எம்-ல ஒரு வாசல் உண்டு. அதுக்குக் கீழ ஒண்ணும் புரியாது, கொஞ்சம் மேல போனா பளிச்சுன்னு கேக்கும். அந்த வாசலைத் தாண்ட 5-லிருந்து 50-க்குப் போறது நியாயமான செலவு. 50-லிருந்து 100-க்குப் போனா 3 டெசிபல், அதாவது அரை எஸ் யூனிட். எதிர்ல இருக்கிறவர் கவனிக்கவே மாட்டார். ஆனா பவர் சப்ளை, ஹீட்சிங்க், செலவு எல்லாம் ரெண்டு மடங்கு.

எந்த ஆம்ப்ளிஃபயர்?

உங்ககிட்ட மிச்சம் வாங்கற காசு இருந்தா, ஹேண்டிக்குப் பின்னாடி ஆம்ப்ளிஃபயர் மாட்டறதை விட 50 வாட் மொபைல் ரிக் ஒண்ணு வாங்குறதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்வேன். ஃபில்டர், பாதுகாப்பு, நல்ல ரிசீவர் எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள வந்திடும். ஏற்கெனவே ஹேண்டி இருக்கு, அல்லது எஸ்.எஸ்.பி-யில பலவீனமான சிக்னல் வேலை பண்ணணும், அல்லது ஹோம்ப்ரூ பண்ணிப் பார்க்கணும்னா மேல படிங்க.

முதல் கேள்வி: எஃப்.எம் மட்டுமா, எஸ்.எஸ்.பி-யும் வேணுமா? எஃப்.எம்-ல அலையோட உயரம் மாறாது, அதனால கிளாஸ் சி போதும். மலிவு, திறனும் அதிகம். எஸ்.எஸ்.பி-யைக் கிளாஸ் சி வழியா அனுப்பினா குரல் சிதையும், பக்கத்து அலைவரிசையெல்லாம் தெறிக்கும். அதுக்குக் கிளாஸ் ஏபி லீனியர்தான் வேணும். எஸ்.எஸ்.பி-க்கு இன்னொரு தேவையும் இருக்கு: சிக்னலைப் பார்த்துத் தானா மாறுற ரிலே, வார்த்தைக்கு வார்த்தை டக்டக்னு அடிச்சுக்காம இருக்கணும்னா கொஞ்சம் தாமதம் வைக்கிற வசதி இருக்கணும். பி.டி.டி வயரால நேரடியா மாத்தற வசதி இருந்தா இன்னும் நல்லது.

ரெண்டாவது, டிரைவ். சில ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளீடு 2 முதல் 5 வாட், சிலதுக்கு 25 வாட். முதல் வகைக்கு 25 வாட் ரிக்கை மாட்டினா டிரான்சிஸ்டர் ஒரே அழுத்தத்துல போயிடும். ஹோம்ப்ரூ ஆளுங்களுக்குப் பிடிச்ச மிட்சுபிஷி ஆர்.ஏ.60எச்1317எம் மாட்யூலை எடுத்துக்கோங்க: 135 முதல் 175 மெகாஹெர்ட்ஸ், 12.5 வோல்ட், 60 வாட் அவுட்புட். உள்ளீடு வெறும் 50 மில்லிவாட்! 5 வாட் ஹேண்டியை நேரா கொடுத்தா நூறு மடங்கு அதிகம். நடுவுல 20 டெசிபல் அட்டெனுவேட்டர் கட்டாயம், அதுவும் 5 வாட் சூட்டைத் தாங்குறதா.

மூணாவது, லோ-பாஸ் ஃபில்டர். ஆன்லைன்ல வர்ற மலிவு போர்டுகள்ல பலதுல இது இருக்கறதே இல்ல. 145-ஓட ரெண்டாவது ஹார்மோனிக் 290, மூணாவது 435 மெகாஹெர்ட்ஸ். நம்ம லேப்ல ஸ்பெக்ட்ரம் அனலைசர் சும்மாதானே தூங்குது? டம்மி லோடும் சரியான அட்டெனுவேட்டரும் போட்டு ஒரு தடவை பாருங்க. ஹார்மோனிக் மட்டுமில்ல, ஆம்ப்ளிஃபயர் தானா ஆஸிலேட் ஆகுதான்னும் அங்கதான் தெரியும். அட்டெனுவேட்டர் இல்லாம அனலைசரோட வாயில 50 வாட்டை விட்டா, அப்புறம் எச்.ஓ.டி-யைப் பார்க்க நீங்களே போய்க்கோங்க.

ரிசீவ் ப்ரீஆம்ப் சேர்த்து விக்கிற மாடல்களும் உண்டு. நகரத்துக்குள்ள, எஃப்.எம் டவர் பக்கத்துல இருந்தா, பெரும்பாலும் அதை அணைச்சு வெக்கிறதுதான் உத்தமம். பலமான சிக்னல்கள் உள்ள புகுந்து ஒண்ணோடொண்ணு கலந்து இல்லாததையெல்லாம் கேக்க வைக்கும்.

கடைசியா, உங்க லைசென்ஸ்ல எழுதியிருக்கிற பவர் வரம்பு. ஆம்ப்ளிஃபயர் மாட்டினா அதையும் சேர்த்துத்தான் கணக்கு.

பவர் சப்ளை: கதையே இங்கதான்

ஆம்ப்ளிஃபயரைப் பத்தி பத்து நாள் ஆராய்ச்சி பண்றவங்க, பவர் சப்ளையைப் பத்து நிமிஷத்துல வாங்கிடுவாங்க. நேர்மாறா இருக்கணும்.

முதல்ல கரன்ட். மேல சொன்ன 60 வாட் மாட்யூலுக்கு டேட்டாஷீட் உறுதி தர்ற குறைந்தபட்சத் திறன் 40 சதவீதம். அதாவது 60 வாட் வெளிய வர 150 வாட் உள்ள போகணும். 12.5 வோல்ட்டுக்கு 12 ஆம்பியர். அதுக்கு மேல 25 அல்லது 30 சதவீதம் கையிருப்பு வெச்சா 16 ஆம்பியர். அதே பெட்டியிலிருந்து வேற ரிக்கும் ஓடினா அதையும் கூட்டிக்கோங்க. மீதி 90 வாட் சூடா மாறுது, அதை வெளியேத்தணும். மே மாசம் ரூம்ல 38 டிகிரின்னு வெச்சு, ஹீட்சிங்க் 80-ஐத் தாண்டக் கூடாதுன்னா, 42-ஐ 90-ஆல வகுங்க: ஒரு வாட்டுக்கு 0.47 டிகிரி. ஃபேன் இல்லாம இது நடக்காது.

அடுத்தது அந்த ஆம்பியர் எவ்வளவு நேரத்துக்குன்னு. ஆஸ்ட்ரான் ஆர்.எஸ்-35ஏ-ங்கிறது ஹாம்கள் மத்தியில ரொம்பப் பேர் போன லீனியர் சப்ளை. பேர்ல 35 இருக்கு, ஆனா தொடர்ச்சியா 25 ஆம்பியர்தான். 35-ங்கிறது விட்டுவிட்டுப் பேசும் பயன்பாட்டுக்கு. ஒளிச்சு வைக்கல, டேட்டாஷீட்லயே போட்டிருக்காங்க, நாமதான் படிக்கறதில்ல. எஸ்.எஸ்.பி-யில பேசும்போது சராசரி கரன்ட் உச்சத்தோட ஒரு பகுதிதான். எஃப்.எம்-ல பி.டி.டி-யை அழுத்தின நொடியிலிருந்து விடற வரை முழு கரன்ட். எஃப்.டி8-ல 15 செகண்ட்ல கிட்டத்தட்ட 13 செகண்ட் முழு பவர், அடுத்த 15 ஓய்வு.

ரிச்சி ஸ்ட்ரீட்ல சி.சி.டி.வி-க்கும் எல்.இ.டி-க்கும் விக்கிற ஓட்டை போட்ட பெட்டி எஸ்.எம்.பி.எஸ்-ஐ எடுத்துக்கலாமா? நல்ல பிராண்டா இருந்தா எடுக்கலாம். மீன் வெல் எல்.ஆர்.எஸ்-350-12, 12 வோல்ட்ல 29 ஆம்பியர் தரும்; திருகைத் திருப்பினா 13.8 வரை ஏறும். ஆனா மொத்தம் 350 வாட் பெட்டிதான், அதனால 13.8-ல 25 ஆம்பியர்தான் கணக்கு. பேர் தெரியாத பெட்டியில "30 ஏ"-ன்னு ஸ்டிக்கர் இருந்தா நம்பாதீங்க, சோதிச்சுப் பாருங்க. மெக்கானிக் கடையில பழைய ஹெட்லைட் பல்ப் கிடைக்கும். 55 வாட் பல்ப் ஒவ்வொண்ணும் ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும். நாலு பல்பைப் பேரலலா மாட்டி அரை மணி நேரம் எரியவிட்டு வோல்டேஜையும் சூட்டையும் பாருங்க. ஒவ்வொண்ணா மாட்டுங்க, குளிர்ந்த ஃபிலமென்ட் ஆரம்பத்துல நிறைய கரன்ட் இழுக்கறதால நாலையும் ஒண்ணா போட்டா நல்ல சப்ளை கூட ட்ரிப் ஆகும்.

ஏன் 13.8-ன்னு கேக்கலாம். ஆறு செல் லெட்-ஆசிட் பேட்டரி ஃப்ளோட்ல இருக்கும்போது இருக்கிற வோல்டேஜ் அது. கார்ல வேலை செய்யணும்னுதான் ரிக்குகளை அப்படி வடிவமைச்சாங்க. பழைய கம்ப்யூட்டர் சப்ளையோட 12 வோல்ட்ல ஓட்டினா? பவர் வோல்டேஜோட வர்க்கத்தை ஒட்டிக் குறையும், 50 வாட் 38 ஆகும். வயரும் தன் பங்கைக் கேக்கும். ரெண்டு மீட்டர் தூரத்துக்குப் போக வர நாலு மீட்டர். ஒரு ஸ்கொயர் எம்.எம் வயர்ல 12 ஆம்பியர் போனா கிட்டத்தட்ட 0.9 வோல்ட் விழும். ரெண்டரை ஸ்கொயர்ல 0.36 தான். எலக்ட்ரிகல் கடையில சில ரூபாய் வித்தியாசம்.

இரைச்சல் விஷயத்துல லீனியர் சப்ளை அமைதி, ஆனா தூக்க முடியாத கனம். எஸ்.எம்.பி.எஸ் லேசு, ஆனா சிலது ரிசீவர்ல சீழ்க்கை அடிக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: அதே ரிக்கைப் பேட்டரியில ஓட்டிக் கேளுங்க, பிறகு எஸ்.எம்.பி.எஸ்-ல கேளுங்க. வித்தியாசம் வந்தா டி.சி வயர்ல ஃபெரைட் போட்டுப் பாருங்க.

லீனியர்ல ஒரு ஆபத்து. 2என்3055 மாதிரியான பாஸ் டிரான்சிஸ்டர் செத்துப்போகும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகும். அப்போ ரெகுலேட்டருக்கு முன்னாடி இருக்கிற 20 வோல்ட்டும் நேரா ரிக்குக்குப் போகும். பெரும்பாலான ரிக்குகளோட வரம்பு 13.8-லிருந்து 15 சதவீதம்தான், அதாவது 15.9 வோல்ட். அதனால க்ரோபார் இல்லாத லீனியர் சப்ளையை, அது ஓசியில கிடைச்சாலும், வாங்காதீங்க. வோல்டேஜ் எகிறினா ஒரு எஸ்.சி.ஆர் பத்திக்கிட்டு அவுட்புட்டை ஷார்ட் பண்ணும், ஃப்யூஸ் போகும், ரிக் பிழைக்கும். ஹோம்ப்ரூ சப்ளையில சேர்க்க சில நூறு ரூபாய்கூட ஆகாத சர்க்யூட்.

கரன்ட் இல்லாத நாள்

2004 சுனாமி அன்னிக்கு அந்தமானோட தொடர்பு அறுந்தப்போ, போர்ட் பிளேர்ல அப்ப முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு செய்திகளை வெளிய கொண்டு வந்தது. அது எச்.எஃப் கதை. ஆனா வெள்ளம், புயல்னா ஊருக்குள்ள தேவைப்படறது 144 மெகாஹெர்ட்ஸ்தான், அன்னிக்கு மெயின்ஸ் இருக்காது. நம்ம வீடுகள்ல 12 வோல்ட் 150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கே, அதிலிருந்தே நேரா ஓட்டலாம். மேல பார்த்த 12 ஆம்பியர் ஆம்ப்ளிஃபயரை ஐந்துல ஒரு பங்கு நேரம் அழுத்தினா சராசரி 2.4, கேக்கறதுக்கு அரை ஆம்பியர்: மொத்தம் 2.9. பேட்டரியைப் பாதி வரைக்கும் மட்டும் இறக்கினா 75 ஆம்பியர்-ஹவர், 25 மணி நேரம் வரும். ஆம்ப்ளிஃபயரை அணைச்சிட்டு ஹேண்டியோட 5 வாட்ல சமாளிச்சா நாலஞ்சு நாளாவது ஓடும். அதனால ஆம்ப்ளிஃபயரைத் தவிர்த்துப் பேச ஒரு பைபாஸ் சுவிட்ச் இருக்கணும். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃப்யூஸ் போடுங்க. ஷார்ட்டானா அந்த பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியர் தரும், வயர் தீப்பிடிக்கும்.

ஆன்டெனாவை எங்க வைக்கிறதுன்னும் சொல்லிடறேன். இந்த அலைவரிசையில பொதுமக்களுக்கான ஐ.சி.என்.ஐ.ஆர்.பி வரம்பு சதுர மீட்டருக்கு 2 வாட். 50 வாட் ஒரு டைபோல்ல போனா அந்த அளவுக்குக் குறைய 1.8 மீட்டர் தள்ளி நிக்கணும். 10 டி.பி.ஐ யாகியோட முகத்துக்கு நேரா இருந்தா 4.5 மீட்டர். ஹேண்டியோட ரப்பர் ஆன்டெனாவைக் கழட்டி ஆம்ப்ளிஃபயர் அவுட்புட்ல மாட்டி மேசை மேல வெச்சுப் பேசறது வேணவே வேணாம். துணி காயப்போட ஆள் வர்ற மொட்டைமாடின்னா, கம்பத்தை அவங்க தலைக்கு மேல ரெண்டு மூணு மீட்டராவது உயர்த்துங்க.