கம்பி அறுந்துகிட்டே இருந்தா: ரோடு பைக்குக்கு வீல் தேர்ந்தெடுக்கிறது எப்படி?

நத்தத்துல இருந்து திண்டுக்கல் போற ரோட்டுல, கோபால்பட்டிக்குக் கொஞ்சம் முன்னாடி, பின் சக்கரத்துல 'டிங்'னு ஒரு சத்தம். ஒரு தடவை கேட்டவங்களுக்கு அது என்னன்னு மறக்காது. இறங்கிப் பார்த்தா ஒரு போக்ஸ் கம்பி அறுந்து தொங்குது, ரிம் பிரேக் கட்டையில உரசுது. எட்டு மாசத்துல அது மூணாவது கம்பி.

ரெண்டாவது கம்பி இதைவிட மோசமான நேரத்துல அறுந்துச்சு. 200 கிலோமீட்டர் பிஆர்எம் ஓட்டிட்டு இருந்தேன். தெரியாதவங்களுக்கு: அது ரேஸ் இல்ல, நேரக் கெடு மட்டும் உண்டு. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். 120-ஐத் தாண்டினப்ப கம்பி போச்சு. அந்த அளவு கம்பி வழியில எந்தக் கடையிலயும் இல்ல. கால் வலிச்சு விட்டிருந்தா இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

அதனால புது வீல் செட் வாங்கணும்னு முடிவு பண்ணேன். கையில இருந்தது 12,000 ரூபாய். யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்: "இன்னும் கொஞ்சம் சேர்த்து கார்பன் வாங்கு." வாங்குறதுக்கு முன்னாடி மூணு கம்பியும் ஏன் அறுந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. அந்தத் தேடல்லதான் இந்தக் கட்டுரையில பாதி இருக்கு.

உங்க எடையை எந்தக் கம்பி தாங்குது?

ஹாஸ்டல்ல இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. முக்கால்வாசிப் பேர் "மேல இருக்கிற கம்பிதான், ஹப் அதுல தொங்குது"ன்னு சொல்வாங்க. 2 மில்லிமீட்டர் கம்பியைத் தரையில நிறுத்தி மேல உக்கார்ந்தா வளைஞ்சுடும், அதனால தொங்கத்தான் முடியும்னு அவங்க லாஜிக். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா வீல்ல எல்லாக் கம்பியும் ஏற்கனவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கு. நல்லாக் கட்டின வீல்ல ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 100 கிலோ, அதாவது ஏறக்குறைய 1000 நியூட்டன் இழுவிசை இருக்கும். நீங்க சீட்ல உக்காரும்போது தரையை ஒட்டின மூணு நாலு கம்பியில அந்த இழுவிசை குறையும். மத்த கம்பியில பெருசா எதுவும் மாறாது. இழுவிசை குறையிறதும் அழுத்தம் கூடுறதும் கணக்குல ஒண்ணுதான். ஆக, ஹப் கீழ்க் கம்பி மேல 'நிக்குது'ன்னே சொல்லலாம். ஜோப்ஸ்ட் பிராண்ட்ங்கிற இன்ஜினியர் 1981-ல் 'தி பைசிக்கிள் வீல்'னு ஒரு முழுப் புத்தகமே எழுதி இதை விளக்கினார்.

நம்பிக்கை இல்லன்னா ரெண்டு நிமிஷச் சோதனை. சைக்கிளைச் சுவத்துல சாய்ச்சு, ஃப்ரெண்டை மேல உக்கார வெச்சு, கம்பியை விரலால சுண்டிப் பாருங்க. தரையை ஒட்டின கம்பியோட சத்தம் இறங்கும், மேல இருக்கிறதோட சத்தம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வீணைக் கம்பி மாதிரிதான்: இழுவிசை குறைஞ்சா சுருதி குறையும்.

இப்ப சக்கரத்தைச் சுத்த விடுங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஒவ்வொரு கம்பியும் ஒரு தடவை தளர்ந்து, திரும்ப இறுகுது. 25 மில்லிமீட்டர் டயர் போட்ட சக்கரத்தோட சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். நத்தத்துல இருந்து திண்டுக்கல் சுமார் 35 கிலோமீட்டர்னு வெச்சா, ஒரு தடவை போறதுக்குள்ள ஒவ்வொரு கம்பியும் 16,600 தடவைக்கு மேல தளர்ந்து இறுகியிருக்கும். 2,100 கிலோமீட்டர்ல பத்து லட்சம் தடவை. எஸ்-என் கர்வை எக்ஸாமுக்கு முந்தின நாள் மட்டும் பார்த்தவங்களுக்கும் இந்த நம்பர் உறைக்கும். கம்பி ஒரு பள்ளத்துல விழுந்து அறுகுறது ரொம்ப அபூர்வம். ஃபெட்டிக்லதான் அறுகுது. அதுவும் ஹப் ஓட்டைக்குள்ள வளைஞ்சு நுழையுற முழங்கை இடத்துல. என்னோட மூணும் அங்கதான் அறுந்துச்சு.

அப்போ இறுக்கமாக் கட்டினா சீக்கிரம் அறுகணுமே? அப்படித்தான் நானும் நினைச்சேன். நிஜம் நேர் எதிர். 290 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் இருக்கிற ஸ்டீல் கம்பி 1000 நியூட்டன்ல சுமார் 0.46 மில்லிமீட்டர் நீளும். 400 நியூட்டன்ல வெறும் 0.18. அதாவது லூசாக் கட்டின வீல்ல, பள்ளத்துல ரிம் 0.2 மில்லிமீட்டர் உள்ள போனாலே அந்தக் கம்பி முழுசாத் தளர்ந்து ஹப் ஓட்டையில ஆட ஆரம்பிச்சிடும். முழங்கை முன்னாடி பின்னாடி வளையும், நிப்பிள் தானாக் கழலும், பக்கத்துக் கம்பிக்கு லோடு கூடும். ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு சீக்கிரம் அறுகிறதுக்கும் இதுதான் காரணம்.

பின் வீல்ல இடது பக்கத்துக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வலது பக்கம் கியருக்கு இடம் விட்டிருக்கிறதால வலது கம்பிகள் கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும். ரிம் நடுவுல இருக்கணும்னா இடது கம்பிகளோட இழுவிசை வலதைவிட நல்லாவே குறைவா இருந்தாகணும். வலதே லூசுன்னா இடது பத்தி சொல்லவே வேண்டாம். என் மூணு கம்பியில ரெண்டு இடது பக்கம்.

நான் கம்பி தரமில்லன்னு புலம்பிட்டு இருந்தப்ப, பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வெச்சிருக்கிற அண்ணன் நாலு கம்பியைச் சேர்த்துப் பிடிச்சு அமுக்கிப் பார்த்துட்டு, "தம்பி, கம்பியை ஏன் திட்டுறீங்க? இந்தப் பக்கம் பூரா லூசு. பெண்டு மட்டும்தான் எடுத்துருக்காங்க"ன்னார். உண்மைதான். ஒவ்வொரு தடவை கம்பி மாத்தினப்பவும் ரிம் நேராச் சுத்துதான்னு மட்டும் பார்த்திருக்காங்க, எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு யாரும் பார்க்கல. நானும் கேட்கல.

அதனால உங்க வீல்ல கம்பி அறுந்தா, புதுசுக்கு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. ரிம் நல்லா இருந்தா எல்லாக் கம்பியையும் மாத்தி, ஒரே அளவா இறுக்கிக் கட்டினாலே போதும். புது வீல் விலையைவிட நல்லாவே குறைவாத்தான் ஆகும். எனக்கு அந்த வழி இல்ல. ரிம்முல பிரேக் கட்டை படுற பக்கச் சுவர் தேஞ்சு உள்வாங்கியிருந்துச்சு. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வெச்சா நடுவுல வெளிச்சம் தெரிஞ்சது. அந்த நிலையில ஓட்டினா ஒருநாள் டியூப் அழுத்தத்துலயே ரிம் பிளக்கலாம். ரிம் பிரேக் பைக் வெச்சிருக்கிறவங்க இதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாருங்க, ப்ளீஸ்.

கார்பன் ஆசை

இப்ப அந்தக் கார்பன் விஷயம். என் பழைய ஜோடி 2.2 கிலோ. கார்பன்ல 1.6 கிலோ வீல் வாங்கினா 600 கிராம் மிச்சம். நான், சைக்கிள், தண்ணி, பை எல்லாம் சேர்த்து 82 கிலோ. 600 கிராம்ங்கிறது அதுல 0.73 சதவீதம். சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு ஏற எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுதுன்னு வெச்சா, மிச்சமாகுறது சுமார் 40 செகண்ட். ஒரு வளைவுல நின்னு குரங்கைப் பார்த்தா போயிடும்.

"சுத்துற எடை ரெண்டு மடங்கு"ன்னு ஒரு பேச்சு உண்டு. பொய் இல்ல. ரிம்முல இருக்கிற எடைக்கு நேர்ப் போக்கு ஆற்றல் ஒரு பங்கு, சுழற்சி ஆற்றல் கிட்டத்தட்ட இன்னொரு பங்கு. ஆனா அது வேகம் பிடிக்கும்போது மட்டும்தான். அப்பவும் அந்த 600 கிராம் முழுக்க ரிம்முல இருந்தாலும் 1.5 சதவீதத்தைத் தாண்டாது. ஒரே வேகத்துல போறப்ப அந்த ரெண்டு மடங்குக்கு வேலையே இல்ல.

ஏரோ ரிம்முக்கும் ஒரு கணக்கு. விளம்பரத்துல பெரும்பாலும் 45 கிலோமீட்டர் வேகத்துல இத்தனை வாட் மிச்சம்னு போடுவாங்க. காத்தை எதிர்க்கத் தேவைப்படுற பவர் வேகத்தோட மூணாம் அடுக்குல மாறும். அங்க 10 வாட் மிச்சம்னா, என்னோட 25 கிலோமீட்டர் வேகத்துல 1.7 வாட். அதே 50 மில்லிமீட்டர் உயர ரிம்மை ஆடி மாசம் நம்ம ரோட்டுக்குக் கொண்டு வாங்க. பக்கக் காத்து ஒரு பக்கம், ஒட்டி முந்துற பஸ் இன்னொரு பக்கம். ஹேண்டில் தானாத் திரும்பும். அம்மியே பறக்கிற காத்துல இது எதுக்கு?

ரிம் பிரேக்கோட கார்பன் ரிம்முன்னா இன்னொரு கவலையும் உண்டு. 82 கிலோவோட 700 மீட்டர் உயரம் இறங்கினா விடுபடுற ஆற்றல் சுமார் 560 கிலோஜூல், ஒன்றரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற அளவு. ஒரு பங்கு காத்துல போனாலும் மீதி பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான். அலுமினியம் அந்தச் சூட்டைச் சுத்திலும் பரப்பிக் காத்துல விட்டுடும். கார்பன் ரிம்மோட ரெசின் அதைப் பிடிச்சு வெச்சுக்கும், அளவு மீறினா இளகும். டிஸ்க் பிரேக்னா இந்தப் பிரச்சனை இல்ல. சமவெளியில 35-க்கு மேல நிக்காம ஓட்டுறவங்க, டிஸ்க் பைக் இருக்கிறவங்க கார்பன் வாங்கட்டும், நான் குறுக்க நிக்கல.

அளந்து பார்த்துட்டு வாங்குங்க

700சி-ன்னா டயர் உக்காரும் விட்டம் 622 மில்லிமீட்டர். டயர் பக்கவாட்டுல 25-622-ன்னு போட்டிருக்கும். இது கிட்டத்தட்ட எல்லா ரோடு பைக்குக்கும் ஒண்ணுதான், இங்க குழப்பமில்ல. குழப்பம் அச்சுல. ரிம் பிரேக் ரோடு பைக்ல முன்னாடி 100, பின்னாடி 130 மில்லிமீட்டர். டிஸ்க்னா பழைய மாடல்ல பின்னாடி 135, இப்ப வர்றதுல 12 மில்லிமீட்டர் துரூ ஆக்சிலோட 142. லேப்ல வெர்னியர் சும்மாதானே கிடக்குது, வீலைக் கழட்டி ஃபோர்க்கு நடுவுலயும் பின் ஃபிரேம் நடுவுலயும் அளந்துடுங்க. டிஸ்க்காரங்க ரோட்டார் ஆறு போல்ட்டா சென்டர்லாக்கான்னும் பார்க்கணும்.

அடுத்து கியர். விலை குறைஞ்ச 7 ஸ்பீடு பைக்ல பெரும்பாலும் ஹப் மேல திருகி மாட்டுற ஃப்ரீவீல் இருக்கும். அதுல வலது பேரிங் ரொம்ப உள்ள தள்ளி இருக்கிறதால அச்சு வளையும், என்னோடதும் லேசா வளைஞ்சிருந்துச்சு. புது ஹப்கள் கேசட் வகை. 7 ஸ்பீடு ஷிஃப்ட்டரை மாத்த வேண்டாம். 7 ஸ்பீடு கேசட்டுக்குப் பின்னாடி 4.5 மில்லிமீட்டர் ஸ்பேசர் ஒண்ணு போட்டா 8 ஸ்பீடு ஹப்ல உக்காந்துடும். பத்து ரூபாய்ச் சாமான் மாதிரி தெரியும், இல்லாட்டி கேசட் ஆடும்.

ஹுக்லெஸ் ரிம் பத்தி ஒரு எச்சரிக்கை. அதுக்கு 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐ-தான் உச்சம், அதுக்குன்னு சொன்ன டயர்தான் போடணும். பம்புல கண்ணை மூடிட்டு 100 அடிக்கிற பழக்கம் நமக்கு. அந்தப் பக்கமே போகாதீங்க.

கடைசியா என் முடிவு. ரெண்டு பக்கமும் 32 ஓட்டை, டபுள் வால் அலாய் ரிம், ஷிமானோ கோன்-பால்ஸ் ஹப், நடுவுல 1.8-ஆ மெலிஞ்ச கம்பி, பித்தளை நிப்பிள். மெலிஞ்ச கம்பி கொஞ்சம் அதிகமா நீளும், அதனால பள்ளத்துல சீக்கிரம் தளராது. முழங்கை இடத்துல 2 மில்லிமீட்டர் அப்படியே இருக்கும். ரெடிமேடா வர்ற 20, 24 கம்பி வீல் பார்க்க அழகு. ஆனா அதோட கம்பி சில கம்பெனிக்குன்னே தனியா வரும், ஒண்ணு அறுந்தா கூரியர் வர்ற வரைக்கும் காலேஜ் பஸ்தான். 32-ல ஒண்ணு அறுந்தா பிரேக்கைத் தளர்த்திட்டு வீடு வந்து சேரலாம்.

ஹப் ஜோடி 4,400, ரிம் ரெண்டு 2,800, 64 கம்பி நிப்பிளோட 2,600, கேசட் 900, கட்டுற கூலி 1,000. மொத்தம் 11,700. டயர் 28 போடத்தான் ஆசை. பின் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவுல 2 மில்லிமீட்டர்தான் மிஞ்சுச்சு, கல் சிக்கினா முடிஞ்சது. அதனால 25. கருவேல முள்ளுக்கு எந்த ரிம்மும் பதில் சொல்லாது.

வீலைக் கட்டினது அந்த அண்ணன்தான். டென்ஷன் மீட்டர் அவர்கிட்ட இல்ல. ஒவ்வொரு பக்கமும் கம்பியைச் சுண்டி, ஃபோன் டியூனர்ல சுருதி பார்த்து ஒரே அளவுக்குக் கொண்டு வந்தோம். முதல்ல சிரிச்சார், அப்புறம் ஃபோனை அவரே வாங்கி வெச்சுக்கிட்டார். கட்டி முடிச்சதும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடியாப் பிடிச்சு நல்லா அமுக்கி விட்டோம். முழங்கை ஹப்ல சரியாப் படிஞ்சு, வளைச்சப்ப உள்ள தங்கின இறுக்கமும் தளரும். இதைச் செய்யாமக் குடுக்கிற வீல் முதல் நூறு கிலோமீட்டர்லயே பெண்டாகும்.

இப்ப 640 கிலோமீட்டர் ஆச்சு. 200-ல ஒரு தடவை பார்த்தோம், இடது பக்கம் ஒரு நிப்பிள் மட்டும் கால் சுத்து வேண்டியிருந்துச்சு. அடுத்த பிஆர்எம்முக்குப் பேர் குடுத்துட்டேன். பின் வீலோட இடது கம்பியும் வலது கம்பியும் நீளம் வேற, அதனால ஒவ்வொண்ணுல ஒண்ணை டேப் சுத்தி ஃபிரேம்லயே ஒட்டி வெச்சிருக்கேன்.