கூலிங் கிளாஸ் எல்லாம் மீன் காட்டாது



விடுமுறை வந்தால் பாலக்காட்டுப் பக்கமும் இடுக்கிப் பக்கமும் நம் பிள்ளைகள் தூண்டிலோடு கிளம்பிவிடுகிறார்கள். சில குடும்பங்களுக்கோ மீன்பிடிப்பு பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. இரு சாராரும் கடையில் கேட்பது ஒன்றுதான்: "தண்ணிக்குள்ள மீன் தெரியிற கண்ணாடி இருக்கா?" கடைக்காரர் பெரும்பாலும் நல்ல கறுப்பாக ஒன்றை எடுத்து நீட்டுவார். கறுப்பாக இருப்பது வேறு, மீன் தெரிவது வேறு, கண்ணைக் காப்பது வேறு. ரயில்வேயில் பாலங்களையும் தண்டவாளங்களையும் பார்த்தே காலம் கழித்தவன் என்ற முறையில், இம்மூன்றையும் பிரித்துக் காட்ட முயல்கிறேன்.

கூச்சம் வருவது எப்படி?

சூரிய ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்ந்தபடி வருகிறது. அது நீர்ப்பரப்பில் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது, கிடைமட்டமாக அதிரும் பகுதியே அதிகம் தெறிக்கிறது. நம் பாடநூல்கள் இதைத் தளவிளைவு என்கின்றன. 1808-இல் மாலஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பாரிஸில் ஓர் அரண்மனைச் சன்னலில் தெறித்த வெயிலைப் படிகத்தின் வழியாகப் பார்த்தபோது இதைக் கண்டறிந்தார்.

போலரைஸ்டு கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் உண்டு. அதைச் சன்னலின் நெட்டுக் கம்பிகள் போல நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்குச்சியை நிமிர்த்திப் பிடித்தால் கம்பிகளுக்கு நடுவே போகும். படுக்க வைத்தால் போகாது. அவ்வாறே நெட்டாக அதிரும் ஒளியை விட்டு, கிடையாக அதிரும் ஒளியைப் படலம் தடுக்கிறது. நீரின் கூச்சம் நீங்குவதால் உள்ளே இருக்கும் மீனும் கல்லும் கண்ணுக்குத் தெரிகின்றன. அமெரிக்கரான எட்வின் லேண்ட் இப்படலத்துக்கு 1929-இல் காப்புரிமை கோரினார். வெறும் சாயம் பூசிய கண்ணாடியோ கூச்சத்தையும் மீனையும் சேர்த்தே மங்கலாக்கும்.

தண்டவாளத்தின் பளபளப்பு மட்டும் இக்கண்ணாடியில் அவ்வளவாகக் குறையாது. உலோகத்தில் தெறிக்கும் ஒளியின் தன்மை வேறு.

எங்கே பார்க்க வேண்டும்?

1815-இல் ப்ரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்குக் கணக்குச் சொன்னார். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதன்படி, உங்கள் கண் நீருக்கு மேல் எவ்வளவு உயரமோ, அதைப் போல் ஒன்றே கால் மடங்குக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் (சரியாகச் சொன்னால் 4/3 மடங்கு) கண்ணாடி மிக நன்றாக வேலை செய்யும். கரையில் நிற்பவரின் கண் நீருக்கு மேல் 1.5 மீட்டர் என்றால் 2 மீட்டர் தள்ளி. கண் 3 மீட்டர் உயரத்தில் என்றால் 4 மீட்டர் தள்ளி. நேர் கீழேயும் வெகு தொலைவிலும் பலன் குறைவு. மழைக்காலத்துச் செந்நீரில் எந்தக் கண்ணாடியும் மீனைக் காட்டாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 4 அடி ஆழம் மேலிருந்து பார்க்க 3 அடி போலத்தான் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். அடித்தரை தெளிவாகத் தெரிகிறதே என்று பிள்ளைகள் காலை வைத்துவிடக் கூடாது. 1955-இல் காமராஜர் திறந்துவைத்த மலம்புழை அணையாக இருந்தாலும் சரி, மூணாற்று ஓடையாக இருந்தாலும் சரி, கோல் விட்டுப் பார்க்காமல் ஆழத்தை நம்பாதீர்கள். 1895-இல் உருவான பெரியாறு நீர்த்தேக்கத்தில் பட்ட மரங்கள் நீருக்கு மேல் நிற்பதைத் தேக்கடியில் பார்த்திருப்பீர்கள். இத்தகைய நீரில் பரிசலோ படகோ செலுத்துவோருக்கு, மூழ்கிய கட்டையை முன்கூட்டியே காட்டும் கண்ணாடி உயிர்க்காவல்.

கண்ணைக் காப்பது எது?

கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் நெடுநாள் பட்டால் கண்புரைக்கும், கருவிழிமேல் சதை வளர்வதற்கும் வாய்ப்பு கூடுகிறது. போலரைஸ்டு என்பதாலேயே இக்கதிர்கள் தடுக்கப்படும் என்று உறுதியில்லை. தனியாக 'யுவி 400' என்ற குறிப்பு வேண்டும். கறுப்புக் கண்ணாடிக்குள் கண்மணி விரியும். தடுப்பு இல்லாத மலிவுக் கண்ணாடி என்றால், விரிந்த அந்த வாசல் வழியாக அக்கதிர்கள் கூடுதலாக உள்ளே போகும். தினமும் நீரில் வேலை செய்பவர் இதில் சிக்கனம் பார்க்கலாகாது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

1. கடையின் கண்ணாடி மேசையிலோ பளிங்குத் தரையிலோ விளக்கொளி தெறிக்கும் இடத்தைச் சாய்வாகப் பாருங்கள். கூலிங் கிளாஸைக் கண்முன் பிடித்துக் கால் சுற்று திருப்புங்கள். கூச்சம் குறைந்து, பிறகு கூடினால் அது போலரைஸ்டு. மாற்றமே இல்லையென்றால் வெறும் சாயம்.

2. போலரைஸ்டு கண்ணாடிகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக வைத்தால், சேரும் இடம் ஏறக்குறைய இருண்டுவிடும்.

3. புற ஊதாத் தடுப்பைக் கண்ணால் அறிய முடியாது. அளக்கும் சிறு கருவி வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் காட்டிச் சரிபாருங்கள்.

நிறமும் அமைப்பும்

நடு வெயிலில் திறந்த நீர்ப்பரப்புக்குச் சாம்பல் நிறம் நல்லது. நிறங்களை மாற்றிக் காட்டாது. நிழல் விழும் மலையோடைகளுக்கும் மேகமூட்டத்துக்கும் பழுப்பு நிறம் பொருந்தும். மூணாற்றுப் பக்கம் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனை அதில் எளிதாகப் பிரித்தறியலாம். கருமைக்கு 0 முதல் 4 வரை தர எண் உண்டு. 3 என்றால் 8 முதல் 18 சதவீத ஒளி உள்ளே வரும். வெயிலுக்கு அது போதும். 4-ஐ அணிந்து வண்டி ஓட்டக் கூடாது. எந்தக் கூலிங் கிளாஸும் இரவில் வேண்டாம்.

பக்கவாட்டு வெளிச்சம் புகாதபடி முகத்தோடு வளைந்த சட்டமும், தலையில் விளிம்புள்ள தொப்பியும் தேவை. தூண்டில் முள் தெறித்தாலும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லை உத்தமம். பவர் கண்ணாடி அணிவோர் அதன்மேல் மாட்டும் கிளிப் வாங்கலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவைத்தால் படலம் கெடும். மணலைத் துணியால் தேய்க்காமல் தண்ணீரில் அலசுங்கள். சில கைப்பேசித் திரைகள் இக்கண்ணாடி வழியே கறுத்துத் தெரியும்; அது பழுது அல்ல.

அணைகளிலும் காப்புக்காடுகளிலும் அனுமதி பெற்றே தூண்டில் போட வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, எவ்வளவு கறுப்பு என்று பார்க்காமல், கையில் எடுத்து ஒரு கால் சுற்று திருப்பிப் பாருங்கள்.