தலைசுத்தலோடு வண்டி ஓட்டலாமா?

ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் எல்லோரும் படிவம் 1 என்ற உடல்தகுதி உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறோம். வலிப்போ, திடீரென நினைவு தப்புவதோ, எந்தக் காரணத்தாலாவது தலைசுத்தலோ உங்களுக்கு வருவதுண்டா என்பதுதான் அதில் முதல் கேள்வி. டிரைவிங் ஸ்கூலில் நிரப்பிக் கொடுத்த தாளை யாரும் நின்று படிப்பதில்லை. படித்தாலும் பதினெட்டு இருபது வயதில் 'இல்லை' என்ற பதில் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். இருபத்தைந்து, முப்பது வருடம் கழித்து ஒரு காதின் நரம்பில் கட்டி முளைத்து, நடக்கும்போது கால் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தால் அந்தப் பதில் பொய்யாகிவிடும். ஆனால் பர்ஸில் இருக்கும் அட்டை அப்படியேதான் இருக்கும். இந்த நிலைமையில் ஒருவர் வண்டி ஓட்டலாமா என்பதைப் பற்றி நம் ஊரில் புழங்கும் நம்பிக்கைகளில் ஒரு பாதி வீணாகப் பயமுறுத்துகிறது, மறுபாதி ஆபத்தான தைரியம் கொடுக்கிறது. இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றுதான்: எல்லோரும் கட்டியைப் பார்க்கிறார்கள், தலைசுத்தல் எந்த வகை என்று பார்ப்பதில்லை.

காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று கேட்பதற்கு, இன்னொன்று உடம்பின் சமநிலைக்கு. சமநிலை நரம்பைச் சுற்றியிருக்கும் உறையில் வளரும் கட்டிக்கு வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்று பெயர். அக்கூஸ்டிக் நியூரோமா என்ற பழைய பெயர்தான் இன்னும் அதிகம் புழங்குகிறது. இது புற்றுநோய் அல்ல. பல கட்டிகள் வருடக்கணக்கில் வளராமலே இருக்கும், வளர்பவையும் சராசரியாக ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிறது என்பது மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி நம் ஈரோடு மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 22.5 லட்சம். அதை வைத்துப் பார்த்தால் வருடத்துக்கு இருபது பேருக்கு மேல் இந்த மாவட்டத்திலேயே புதிதாக இந்த நோய்க்கு ஆளாக வேண்டும். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள்தான் இது அதிகம் வெளிப்படுகிறது, அதாவது குடும்பத்தில் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுகிற வயதில்.

அந்த இருபது பேரும் உடனே கண்டுபிடிக்கப்படுவதில்லை. நம் ஊரில் தலைசுத்தல் என்றால் முதலில் பித்தம், அடுத்து ரத்தக்குறைவு, அதற்கடுத்து பிரஷர், சர்க்கரை. காது மந்தமானால் தறிச்சத்தம் என்று முடித்துவிடுவோம். தறிச்சத்தம் காதைக் கெடுக்கும் என்பது உண்மைதான். விசைத்தறிக் கூடத்தில் 90 டெசிபெல்லைத் தாண்டிய இரைச்சலில் பல வருடம் நின்றவர்களுக்குக் கேட்கும் திறன் குறையத்தான் செய்யும். ஆனால் அந்த இரைச்சல் இரண்டு காதுகளையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் தாக்கும். ஒரு காது மட்டும் மந்தமாகி, அதே காதில் 'ங்ஙொய்' என்ற சத்தமும் நிற்காமல் கேட்டால், பழியைத் தறிமேல் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. கேட்கும் திறன் பரிசோதனையும், மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேனும் வேண்டும். இந்தியாவில் இந்தக் கட்டி பெரிதான பிறகே பலருக்குக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது இங்குள்ள நரம்பு அறுவை மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. காரணம் தெரியாமல் தலைசுத்தலோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த இடைக்காலத்தைப் பற்றித்தான் நான் முதலில் கவலைப்படுகிறேன்.

கண்டுபிடித்த பிறகு வரும் நம்பிக்கைகள் வேறு மாதிரி. 'தலையில் கட்டி இருக்கிறவன் வண்டியைத் தொடவே கூடாது' என்பார் ஒருவர். 'ஒரு சென்டிமீட்டர் கூட இல்லை, தாராளமாக ஓட்டலாம்' என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சும் ஸ்கேன் படத்தை வைத்து நடக்கிறது. இந்த நோயின் விசித்திரமே அந்தப் படமும் உடம்பு உணர்வதும் ஒத்துப்போகாததுதான். எலும்புக் குழாய்க்குள் அடங்கியிருக்கும் சின்னக் கட்டி உலகமே சுழல்வது போன்ற தலைசுத்தலைத் தரலாம். மெதுவாக வளர்ந்த கட்டி அதைத் தராமலே போகலாம், ஏனென்றால் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும்போது மூளை மறுபக்கக் காதையும் கண்ணையும் பாதத்தின் உணர்வையும் வைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. கட்டி பெரிதாகிச் சிறுமூளையை அழுத்தினாலோ, மூளை நீர் தேங்கிப் பார்வை மங்கினாலோ அது வேறு விஷயம். அப்போது ஓட்டவே கூடாது. பிரிட்டனில் உரிமம் வழங்கும் அமைப்பு தன் மருத்துவ விதியில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. அக்கூஸ்டிக் நியூரோமா இருக்கிறது என்பதற்காக மட்டும் கார் ஓட்டுபவர் அரசுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை. செயலிழக்க வைக்கும் தலைசுத்தல் திடீரென வருமானால் ஓட்டுவதை நிறுத்தித் தெரிவித்தாக வேண்டும். அந்த விதி ஸ்கேன் அளவைக் கேட்கவில்லை, முன்னறிவிப்பில்லாமல் வருமா என்றுதான் கேட்கிறது.

'உட்கார்ந்துதானே ஓட்டுகிறோம், நடக்கிறபோது தள்ளாடினால் என்ன?' என்ற வாதத்தை நன்றாகப் படித்தவர்களிடமும் கேட்கலாம். சமநிலை உறுப்பின் வேலை கீழே விழாமல் காப்பது மட்டும் என்ற நினைப்பில் பிறந்தது இது. அந்த உறுப்புக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தலை அசையும்போதெல்லாம், நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள், கண்ணை எதிர்ப்பக்கம் நகர்த்திக் காட்சியை அசையாமல் நிறுத்துவது அதுதான். அந்த வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 1952இல் ஒரு மருத்துவரே தன் அனுபவமாக அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் இரு பக்கச் சமநிலையும் போனவர் அவர். நடக்கும்போது எதிரே வருபவர் முகம் அடையாளம் தெரியவில்லை, புத்தகம் படிக்கத் தலையைக் கட்டில் கம்பிகளுக்கு நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டியிருந்தது என்று அதில் சொல்கிறார். ஒரு பக்க நரம்பு மட்டும் கெட்டவருக்கு அவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் அந்தப் பக்கம் தலையை வெடுக்கென்று திருப்பினால் காட்சி ஒரு கணம் வழுக்கும். பன்னீர்செல்வம் பார்க் சந்திப்பில் வலமும் இடமும் மாறி மாறிப் பார்த்து வண்டியை நகர்த்துபவருக்கு அந்த ஒரு கணம் எவ்வளவு பெரியது என்று ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் ஹெலன் கோஹனும் சக ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், சமநிலைக் கோளாறு உள்ளவர்களிடம் எந்த மாதிரிச் சமயங்களில் ஓட்டுவது கடினம் என்று கேட்டார்கள். இருட்டு, மழை போலப் பார்வை குறையும் நேரங்களும், தலையை வேகமாகத் திருப்ப வேண்டிய இடங்களும், வண்டியை நிறுத்தி எடுப்பது போன்ற திசைக்கணக்கு தேவைப்படும் வேலைகளும்தான் முன்னுக்கு வந்தன. இதை நம் வாழ்க்கையோடு சேர்த்துப் பாருங்கள். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் இரவே தொடங்கிவிடுகிறது. வெளியூர் வியாபாரிகள் இருட்டில்தான் வந்து சேர்கிறார்கள். பண்ணாரியிலிருந்து திம்பம் மலை ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். பகலில் பெருந்துறை ரோட்டில் பத்து வருடமாகப் போய்ப் பழகிய வழியில் ஓட்டிப் பார்த்துவிட்டு 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவு கட்டுவது, காதின் வேலையைக் கண் செய்துகொண்டிருப்பதை அறியாமல் செய்வது. வெளிச்சம் போனால் அந்தத் துணையும் போய்விடும்.

டூ வீலர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோருக்கு வண்டி என்றால் அதுதான். காரில் தள்ளாட்டம் வந்தால் ஓரம் கட்ட நேரம் இருக்கிறது. மொபெட்டில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு ஆள் என்று போகிறவருக்கு அது கிடையாது, மெதுவாகத் திரும்பும்போதும் காலை ஊன்றும்போதும் சமநிலை முழுக்க அவர் கையில்தான். ஒரு காது போனவருக்கு ஹார்ன் கேட்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. திசையறிய இரண்டு காதும் வேண்டும். கண்ணாடியை விட ஹார்னை நம்பி ஓடும் நம் சாலையில் இது பெரிய குறை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு முகத்தசை தளர்ந்து, அந்தப் பக்கக் கண் முழுதாக மூடாமல் போகும். காற்றும் தூசியும் படும் வண்டியில் அந்தக் கண் எரிந்து நீர் கட்டும், பார்வை மங்கும். ஆகவே கார் ஓட்டத் தகுதி பெற்றவர் பைக்குக்கும் தகுதி பெற்றார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இந்த எச்சரிக்கைகளுக்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2009இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், இரு பக்கச் சமநிலையும் இழந்த சிலரை உண்மையான சாலையிலேயே ஓட்டவைத்துச் சோதித்தபோது, அவர்கள் மற்றவர்களைப் போலவே நன்றாக ஓட்டினார்கள். அப்படியானால் இவ்வளவு எச்சரிக்கை எதற்கு? சோதிக்கப்பட்டவர்கள் சிலரே என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர்களுடைய இழப்பு நிலையானது, மூளை அதற்குப் பழகிவிட்டது என்பதுதான் முக்கியம். நிலையான குறைக்கு மூளை ஈடுகட்டும், மாறிக்கொண்டே இருக்கும் குறைக்கு ஈடுகட்ட முடியாது. கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் தள்ளாட்டம் கூடலாம். அறுவை சிகிச்சையில் நரம்பு துண்டிக்கப்பட்டவருக்கு முதல் நாட்களில் கடும் சுழற்சி இருக்கும், வாரங்கள் போகப் போகத் தணியும். ஒரே மனிதர் ஜனவரியில் ஓட்டக் கூடாதவராகவும் ஜூனில் ஓட்டத் தகுந்தவராகவும் இருக்கலாம். அந்த ஆய்வு என் வாதத்தை மறுக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது.

மூளை பழகுவதைக் கெடுக்கும் இரண்டு வழக்கங்கள் நம்மிடம் உண்டு. ஒன்று, தலைசுத்தல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுப்பது. ஸ்டுஜெரான், ஸ்டெமெடில் போன்றவை தூக்கக் கலக்கம் தரும். தலைசுத்தலை அடக்கினாலும் கையின் வேகத்தையும் சேர்த்தே குறைக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் மூளை ஈடுகட்டிக்கொள்வதும் தாமதமாகும். இன்னொன்று, 'அசையாமல் படு' என்ற பெரியவர்களின் அறிவுரை. கடும் சுழற்சி இருக்கும் ஓரிரு நாளுக்கு அது சரி. அதன்பின் அசைவுதான் மருந்து. 1940களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்சி என்ற இரு மருத்துவர்கள் வகுத்த கண், தலை, உடல் அசைவுப் பயிற்சிகளை இன்றும் பிசியோதெரபியில் சொல்லித்தருகிறார்கள். தலைசுத்தலைக் கொஞ்சம் வரவழைக்கும் அசைவுகளையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் அதன் முறை.

'என்னிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிறது' என்பது கடைசி நம்பிக்கை. 35 வயதில் வாங்கிய உரிமம் 10 ஆண்டுக்குச் செல்லும். நடுவில் உடம்புக்கு என்ன ஆனது என்று அட்டைக்குத் தெரியாது, ஆனால் சட்டம் அதைப் பொருட்படுத்துகிறது. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய நோய் தனக்கு இருப்பதைத் தெரிந்துகொண்டே ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 186இன் கீழ் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் முதல்முறை 1,000 ரூபாய் வரை, மறுமுறை 2,000 ரூபாய் வரை. பிரிவு 16, நோயின் காரணமாக உரிமத்தை ரத்து செய்யவோ மருத்துவச் சான்று கேட்கவோ ஆர்டிஓ அலுவலகத்துக்கு அதிகாரம் தருகிறது. நாற்பது வயதுக்கு மேல் கேட்கப்படும் படிவம் 1ஏ மருத்துவர் கையெழுத்திட வேண்டியது. ஐந்து நிமிடத்தில் முத்திரை குத்தி வாங்கிவரும் தாளாக அது ஆகிவிட்டதுதான் வருத்தம்.

வண்டி இல்லாவிட்டால் பிழைப்பு என்னாவது என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். பால் ஊற்றவும், பாவு நூல் எடுத்துவரவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் வண்டி வேண்டும். 'சொன்னால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள்' என்ற பயத்தில்தான் பலர் மருத்துவரிடமே தலைசுத்தலைக் குறைத்துச் சொல்கிறார்கள். ஆனால் இதுவரை பார்த்ததை எண்ணிப் பாருங்கள். இந்தக் கட்டி உள்ள பெரும்பாலோருக்கு ஓட்டத் தடை தேவையில்லை, சிலருக்குச் சில மாத இடைவெளி போதும். மறைப்பவருக்குத்தான் அந்த இடைவெளி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று தெரியாமல் போகிறது. வாடகை வண்டி, லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு அளவுகோல் கடுமையாக இருப்பது நியாயம், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதில் தேர்வு கிடையாது. அந்த ஓட்டுநருக்கு நோய்க்காலத்தில் டிப்போவிலோ கிடங்கிலோ வேறு வேலை தருவது முதலாளியின் கடமை.

ஆகவே, இந்தக் கட்டியோடு வாழ்பவர்கள் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு இந்தக் கேள்விகளையும் கொண்டுபோங்கள்: எனக்கு வருவது முன்னறிவிப்பில்லாத சுழற்சியா, எப்போதும் இருக்கும் தள்ளாட்டமா? தலையைச் சட்டென்று திருப்பினால் பார்வை நிலைக்கிறதா? இருட்டில் என் நிலை என்ன? நான் சாப்பிடும் மாத்திரையோடு ஓட்டலாமா? கார், டூ வீலர் இரண்டுக்கும் தனித்தனிப் பதில் கேளுங்கள். பதில் வரும்வரை சாவியை வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஓட்டலாம் என்று சொன்னால், கூட ஒருவரை உட்காரவைத்து, விடிந்த பிறகு காலியான சாலையில் தொடங்குங்கள். இரவுப் பயணமும் திம்பம் மலையும் கடைசியில் வரட்டும்.