பசுவிற்குத் தரும் மருந்து பாலில் சேர்வது எவ்வாறு?

புலால் விலக்கிய நம் இல்லங்களில் பாலும் தயிரும் நெய்யும் அன்றாட உணவாகும். ஆகவே, நோயுற்ற பசுவிற்குத் தரப்படும் மருந்து அதன் உடலில் எங்கெங்கே செல்கின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

கறவைப் பசுக்களைப் பெரிதும் வருத்துவது மடிநோய். நுண்ணுயிரிகள் காம்பின் துளை வழியே புகுந்து மடியை வீங்கச் செய்கின்றன. இதற்குப் பெனிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தசையில் ஊசி மூலமாகவோ, காம்பின் வழியாகவோ செலுத்துவர்.

தசையில் செலுத்திய மருந்து குருதியில் கலந்து உடலெங்கும் பரவுகின்றது. ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 500 லிட்டர் குருதி மடி வழியே ஓடுகின்றது. ஆதலின் மருந்தும் மடியை அடைகின்றது. எனினும் எல்லா மருந்தும் ஒரே அளவில் பாலில் இறங்குவதில்லை. குருதியைவிடப் பால் சற்றே அமிலத் தன்மை உடையது. காரத் தன்மை கொண்ட எரித்ரோமைசின் பாலுக்குள் வந்ததும் மின்னேற்றம் பெற்று, குருதிக்குத் திரும்ப இயலாமல் அங்கேயே தேங்குகின்றது. அமிலத் தன்மையுள்ள பெனிசிலின் குறைவாகவே சேர்கின்றது. அதன் பெரும்பகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றிவிடுகின்றன. ஆனால் காம்பின் வழியே செலுத்தும்போது மருந்து நேரே பாலில் கலக்கின்றது. அதில் ஒரு பகுதி குருதியில் ஏறி, மற்றக் காம்புகளின் பாலிலும் தோன்றக்கூடும். ஆகவே ஒரு காம்பின் பாலை மட்டும் ஒதுக்குவது போதாது.

பாலைக் காய்ச்சுவதால் இம்மருந்து முற்றிலும் அழிவதில்லை. உறையிலுள்ள நுண்ணுயிரிகளை அது ஒடுக்குவதால் தயிரும் சரிவரத் தோய்வதில்லை. பெனிசிலின் ஒவ்வாதவர்க்கு அது தீங்கு செய்யலாம். மேலும், சிறிய அளவில் மருந்தைத் தொடர்ந்து எதிர்கொள்ளும் நுண்ணுயிரிகள் அதனை வெல்லும் ஆற்றல் பெறுகின்றன. பின்னர் நமக்கு நோய் வரும்போது அம்மருந்து பயன்படாது போகலாம். எனவேதான் பெனிசிலினுக்குப் பன்னாட்டு உணவு நெறிமுறைக் குழு வகுத்த உச்ச வரம்பு ஒரு லிட்டர் பாலில் 4 மைக்ரோகிராம் மட்டுமே.

தடுக்கும் வழி எளிது. கடைசி வேளை மருந்திற்குப் பின் குறித்த காலம் வரை பாலை விற்றலும் பருகலும் கூடா. 2012-ஆம் ஆண்டின் இந்திய அரசு விதிப்படி, இக்காலம் மருந்தின் மேலுறையில் குறிக்கப்படல் வேண்டும். தனிக்காலம் ஆய்ந்து நிறுவப்படாத மருந்தாயின், பாலுக்கு அது 7 நாட்களுக்குக் குறையலாகாது. ஒதுக்கிய பாலைக் கன்றிற்கும் ஊட்டலாகாது.

மருந்திற்கு அஞ்சிப் பசுவை வலியில் விடுவது சீவகாருண்யம் ஆகாது. கால்நடை மருத்துவர் சொன்ன நாள் முழுதும் மருந்தளித்துக் குணப்படுத்துதல் நம் கடன். ஓரிரு பசுக்களை நம்பி வாழும் குடும்பத்திற்கு ஒரு வாரப் பால் சிறிய இழப்பன்று. ஆயினும் அவ்விழப்பை ஏற்பவர், பசுவின் துன்பத்தையும் நீக்கி, அப்பாலை வாங்கும் வீட்டுக் குழந்தைகளையும் காக்கின்றார்.